கண்டவர் சொல்ல வேண்டும்: இணையப் பாதுகாப்புத் துறையில் தொழிலும் தலைமையும்

தமிழ்மொழிக் கழகத்தின் தம்பி தங்கைகள் என்னைச் சந்திக்கும்போதெல்லாம் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்பார்கள். இணையப் பாதுகாப்புத் துறையில் வேலைக்குச் சேர என்ன படிக்க வேண்டும்? எந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் சம்பளம் உயரும்? இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். கல்விக் கடனைத் தோளில் சுமந்துகொண்டு பட்டம் வாங்கும் பிள்ளைக்குச் சம்பளத்தைப் பற்றிய கவலை இல்லாமல் இருக்குமா?

ஆனால், யாரும் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. "வேலையில் இருக்கும்போது ஐயத்துக்குரிய ஒன்றைக் கண்டால், அதை யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது?" இத்துறையில் 17 ஆண்டுகள் பணியாற்றி, இன்று 9 பேர் கொண்ட ஒரு குழுவை நடத்திவரும் அனுபவத்தில் சொல்கிறேன்: முதல் இரண்டு கேள்விகளுக்கான விடை உங்களை வேலைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். மூன்றாவது கேள்விக்கான விடைதான் உங்களை அந்த வேலையில் வளர்க்கும். ஒரு நிறுவனம் தப்பிப்பதும் அகப்பட்டுக்கொள்வதும் பல வேளைகளில் அந்த விடையைப் பொறுத்தே அமைகின்றன.

கண்டவர் சொல்வதில்லை, சொல்பவர் கண்டதில்லை என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. ஞானத்தைப் பற்றிய பேச்சுக்கு அது பொருந்தலாம். கணினிப் பாதுகாப்பில் அப்படி நடந்தால் பேராபத்து. இக்கட்டுரை அந்த ஒரு கருத்தையே பல பக்கங்களிலிருந்தும் பார்க்க முயல்கிறது.

நம் நாட்டில் இத்துறை

மலேசியாவில் இத்துறைக்கு ஏறக்குறைய 30 ஆண்டு வரலாறு உண்டு. மிமோஸ் நிறுவனத்தின் கீழ் மைசெர்ட் எனப்படும் கணினி அவசர உதவிக் குழு 1997-இல் தொடங்கப்பட்டது. கணினிக் குற்றச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான். 2007-இல் சைபர்செக்யூரிட்டி மலேசியா என்ற அமைப்பு உருவானது. பொதுமக்கள் இணையச் சம்பவங்களைப் புகார் செய்யும் சைபர்999 சேவையை அதுவே நடத்துகிறது. 2017-இல் நாக்சா எனப்படும் தேசிய இணையப் பாதுகாப்பு நிறுவனம் தோன்றியது.

அரசாங்கம் மட்டும் இத்துறையை வளர்க்கவில்லை. மலேசியரான டில்லன் கண்ணபிரான் தொடங்கிய 'ஹேக் இன் தி பாக்ஸ்' என்ற பாதுகாப்பு மாநாடு 2003-இல் கோலாலம்பூரில் முதன்முறையாக நடைபெற்றது. 2010-இல் அது ஆம்ஸ்டர்டாம் வரை சென்றது. உலகின் கைதேர்ந்த வல்லுநர்கள் கோலாலம்பூருக்கு வந்து தங்கள் ஆய்வுகளைப் படைத்தார்கள் என்பது நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

2024 ஆகஸ்ட் 26-ஆம் நாள் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் (854-ஆம் சட்டம்) ஒரு பெரிய திருப்பம். நாட்டின் இன்றியமையாத தகவல் கட்டமைப்புகளை அச்சட்டம் 11 துறைகளாகப் பிரிக்கிறது. வங்கி, சுகாதாரம், எரிசக்தி, போக்குவரத்து, நீர் ஆகியவை அதில் இருப்பது வியப்பன்று. விவசாயமும் தோட்டத் தொழிலும் ஒரு துறையாக அதில் இடம்பெற்றுள்ளன! பிரிஞ்சாங் அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில் வளர்ந்த எனக்கு அந்த வரியைப் படித்தபோது உண்டான உணர்வைச் சொல்லத் தெரியவில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறினால்தான் கணினித் துறை என்று நினைத்துப் படித்த தலைமுறை நாங்கள். இன்று தோட்டத் துறையையே கணினிக் கள்வரிடமிருந்து காக்க வேண்டியதாகிவிட்டது.

அச்சட்டத்தின்படி, இன்றியமையாத கட்டமைப்பை வைத்திருப்பதாக அறிவிக்கப்பட்ட நிறுவனத்தில் இணையப் பாதுகாப்புச் சம்பவம் நிகழ்ந்தால் உடனடியாகத் தெரிவிக்க வேண்டும். 6 மணி நேரத்துக்குள் முதற்கட்ட விவரங்களையும் 14 நாட்களுக்குள் கூடுதல் விவரங்களையும் சமர்ப்பிக்க வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தப்படி, தரவுக் கசிவு ஏற்பட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்கும் கடமையும் 2025 ஜூன் 1 முதல் வந்துவிட்டது. 6 மணி நேரம் என்பது எவ்வளவு குறுகியது என்று எண்ணிப் பாருங்கள். இரவுப் பணியில் இருக்கும் இளைஞர் ஒருவர் ஐயத்துக்குரிய ஒன்றைக் கண்டு, "விடியட்டும், மேலதிகாரி வந்ததும் சொல்லிக்கொள்ளலாம்" என்று நினைத்தால் கள்வனுக்கு ஓர் இரவு முழுவதும் கிடைத்துவிடும். ஆக, மூன்றாவது கேள்வியைச் சட்டமும் கேட்கத் தொடங்கிவிட்டது.

நுழைவாயில்கள்

முதல் இரண்டு கேள்விகளையும் ஒதுக்கிவிட முடியாது. ஆதலால் சுருக்கமாக விடை சொல்லிவிடுகிறேன்.

இணையப் பாதுகாப்பு என்பது ஒரே வேலையன்று. கண்காணிப்பு மையத்தில் அமர்ந்து எச்சரிக்கைகளை ஆராய்பவர் ஒருவர். அனுமதி பெற்று, கள்வனைப் போலவே உள்ளே நுழைந்து பார்த்து ஓட்டைகளைக் கண்டறிபவர் இன்னொருவர். தாக்குதலுக்குப் பின் தடயங்களை ஆராய்பவர், நிரல்களைப் பாதுகாப்பாக எழுத உதவுபவர், சட்டவிதிகளும் தணிக்கையும் பார்ப்பவர், ஊழியர்களுக்குப் பயிற்சி தருபவர் எனப் பலர் இருக்கிறார்கள். கணினியியல் மாணவர்களுக்கு மட்டுமே இடம் உண்டு என்று எண்ண வேண்டாம். சட்டம், கணக்கியல், மொழியியல் படித்தவர்களும் இங்குச் சிறப்பாகப் பணியாற்றுகிறார்கள். முழுமையாக இதையே படிக்க விரும்புவோர்க்கு மலாக்காவிலுள்ள யுடெம் பல்கலைக்கழகம் போன்றவை கணினிப் பாதுகாப்பில் இளங்கலைப் பட்டமே வழங்குகின்றன.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை, தொடக்க நிலைக்கு 'செக்யூரிட்டி பிளஸ்' போதும். ஊடுருவல் சோதனையில் ஆர்வமுள்ளவர்கள் 'ஓ.எஸ்.சி.பி.' தேர்வை நோக்கிச் செல்லலாம். ஏறக்குறைய 24 மணி நேரம் செய்முறையாகவே நடக்கும் கடினமான தேர்வு அது. 'சி.ஐ.எஸ்.எஸ்.பி.' என்பது அனுபவசாலிகளுக்கு உரியது. அதன் 8 பிரிவுகளில் குறைந்தது இரண்டிலாவது, மொத்தம் 5 ஆண்டுப் பணி அனுபவம் கேட்பார்கள். முதலாண்டு மாணவர் அதற்காகப் பணத்தைச் செலவழிப்பது வீண். அந்தப் பணத்தில் ஒரு பழைய கணினி வாங்கி, அதில் லினக்ஸ் நிறுவி, உங்கள் சொந்தச் சிறு வலையமைப்பை அமைத்து, அதன் பதிவேடுகளைப் படித்துப் பழகுங்கள். அடுத்தவர் கணினியில் அனுமதியின்றிக் கை வைப்பது குற்றம் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

நேர்முகத் தேர்வில் நான் பார்ப்பது என்ன? விண்ணப்பதாரரிடம் ஒரு பக்கப் பதிவேட்டைக் கொடுத்து, "இதில் உனக்கு என்ன வித்தியாசமாகப் படுகிறது?" என்று கேட்பேன். பிறகு, "இதைக் கணினி தெரியாத ஒரு மேலாளருக்கு ஐந்து வரியில் எழுதிக் கொடு" என்பேன். முதல் பயிற்சியில் தேறுபவர்கள் பலர். இரண்டாவதில் தேறுபவர்கள் சிலரே.

சின்ன வித்தியாசங்கள்

இத்துறையின் வரலாற்றைப் புரட்டினால், பெரிய திருட்டுகள் பெரும்பாலும் சின்ன வித்தியாசங்களில்தான் வெளிப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் 1986-இல் கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 காசு இடித்தது. ஆம், ஒரு டாலர்கூட இல்லை! அங்குப் பணியாற்றிய கிளிஃப் ஸ்டோல் வானியல் படித்தவர். 75 காசுதானே என்று விட்டுவிடாமல் அதைத் துருவிக்கொண்டே போனார். பல மாதத் தேடலுக்குப் பிறகு, ஜெர்மனியிலிருந்து அமெரிக்க இராணுவக் கணினிகளுக்குள் நுழைந்து சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் விற்றவன் அகப்பட்டான்.

2016 பிப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கிக்கு நேர்ந்ததையும் பாருங்கள். நியூயார்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து ஏறக்குறைய 951 மில்லியன் டாலரை மாற்றும்படி 35 போலிக் கட்டளைகள் சென்றன. அவற்றில் 81 மில்லியன் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. இலங்கையில் ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு அனுப்பப்பட்ட 20 மில்லியன் மட்டும் மீட்கப்பட்டது. காரணம், 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லைக் கள்வர்கள் பிழையாக எழுதியிருந்தார்கள். இடையிலிருந்த வங்கி அந்த எழுத்துப்பிழையைக் கவனித்து விளக்கம் கேட்டது. ஒரு சொல்லை ஒழுங்காகப் படித்தவரால் 20 மில்லியன் டாலர் தப்பியது.

அதே நிகழ்வின் மறுபக்கமும் உண்டு. பணப்பரிமாற்றச் செய்திகளை அச்சிடும் இயந்திரம் அந்த வங்கியில் வேலை செய்யாமல் நின்றிருந்தது. அச்சு இயந்திரம் கெட்டுப்போவது வழக்கம்தானே என்று விட்டுவிட்டார்கள். உண்மையில் அது கள்வர்களின் கைவேலை. ஓரிடத்தில் ஒருவர் கவனித்துக் கேட்டார், பணம் தப்பியது. இன்னோரிடத்தில் கண்டவர்கள் அதைப் பெரிதாக எடுத்துச் சொல்லவில்லை, பணம் போயிற்று.

சிங்கப்பூர் கற்றுத்தந்த பாடம்

நம் அண்டை நாட்டில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து 2018 ஜூன் 27-க்கும் ஜூலை 4-க்கும் இடையில் ஏறக்குறைய 15 இலட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. அவர்களில் சுமார் 1,60,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்துகளின் விவரங்களும் போயின. அப்போதைய பிரதமர் லீ சியென் லூங்கும் பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர்.

ஜூன் மாதத்திலேயே தரவுத்தளத்துக்குள் நுழைய நடந்த தோல்வி முயற்சிகளைத் தொழில்நுட்ப ஊழியர்கள் கண்டிருந்தார்கள். ஜூலை 4-ஆம் நாள் தரவுத்தள நிர்வாகி ஒருவர் வழக்கத்துக்கு மாறான கேள்விகள் தரவுத்தளத்தில் ஓடுவதைக் கண்டு தடுத்து நிறுத்தினார். ஆயினும் செய்தி மேல்மட்ட நிர்வாகத்துக்குச் சென்றது ஜூலை 9-இல்தான். இணையப் பாதுகாப்பு முகமைக்கு மறுநாள் தெரிவிக்கப்பட்டது. பொதுமக்கள் ஜூலை 20-இல் அறிந்துகொண்டார்கள்.

ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வெளிவந்தது. 400 பக்கங்களுக்கு மேற்பட்ட அந்த அறிக்கை 16 பரிந்துரைகளைத் தருகிறது. இணையத்தில் கிடைக்கும் அதைப் பட்டதாரிகள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். தாக்கியவர்கள் கைதேர்ந்தவர்கள் என்று அறிக்கை ஒப்புக்கொள்கிறது. எனினும், திருட்டைத் தவிர்த்திருக்க முடியும் என்றும் சொல்கிறது. அடிமட்ட ஊழியர்கள் கண்டார்கள். சொல்ல வேண்டிய இடத்தில் இருந்த இடைநிலைப் பொறுப்பாளர்கள் தாமதித்தார்கள். சம்பவம் உறுதியான பிறகே மேலே தெரிவிக்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு காரணம். தெரிவித்துவிட்டால் மேலிடத்திலிருந்து ஓயாமல் விவரம் கேட்டுத் துரத்துவார்களே என்ற அச்சம் மற்றொரு காரணம். தகவல் தொழில்நுட்பத்தைக் கவனித்த நிறுவனத்துக்கு 7,50,000 சிங்கப்பூர் டாலரும் சிங்ஹெல்த்துக்கு 2,50,000 டாலரும் அபராதமாக விதிக்கப்பட்டன.

அந்த அச்சத்தை எண்ணிப் பாருங்கள். அது சோம்பல் அன்று, தீய எண்ணமும் அன்று. எந்த அலுவலகத்திலும் எழக்கூடிய இயல்பான அச்சம்தான். அதைப் போக்கும் பொறுப்பு தலைமைக்கு உரியது.

பெரட்டுக் களமும் ஆலையும்

இங்கு நம் சமுதாயத்தைப் பற்றி மனம் திறந்து பேச வேண்டியிருக்கிறது. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று தெரியும். விடியற்காலையில் தொழிலாளர்கள் வரிசையில் நிற்பார்கள். பெயர் கூப்பிடுவார்கள். வேலையைப் பிரித்துக் கொடுப்பார்கள். பேச்சு மேலிருந்து கீழே மட்டும்தான் இறங்கும். துரை கிராணியிடம் சொல்வார், கிராணி மண்டோரிடம் சொல்வார், மண்டோர் நம் தாத்தா பாட்டியிடம் சொல்வார். கீழிருந்து மேலே பேச்சு ஏறுவது அரிது. ஏறினால், "வாய் நீளுகிறது" என்பார்கள். "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்ற பாடம் வீட்டிலும் தொடர்ந்தது. பிழைப்புக்காக அந்தத் தலைமுறை வாய்மூடி இருந்தது. அவர்களைக் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்லை.

ஆனால், அந்தப் பழக்கம் நம்மோடு பல்கலைக்கழகத்துக்கும் அலுவலகத்துக்கும் வந்துவிட்டது. எனக்குக் கீழ்ப் பணியாற்ற வந்த நம் பிள்ளைகள் பலரிடம் இதைக் கண்டிருக்கிறேன். கண்கள் கூர்மையானவை. உழைப்புக்கு அஞ்சாதவர்கள். கூட்டத்தில் மட்டும் வாய் திறக்கமாட்டார்கள். கூட்டம் முடிந்த பிறகு தனியாக வந்து, "அக்கா, நேற்றே அதைப் பார்த்தேன், சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன்" என்பார்கள். அந்த 'நேற்று' இத்துறையில் விலைமதிப்பற்றது.

அதே தோட்டத்தில் வேறொரு முறையும் இருந்தது. அதைத் தேயிலை ஆலையில் காணலாம். பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, பிறகு பரப்பிப் புளிக்க வைப்பார்கள். புளிக்க வைப்பது என்று பெயரே தவிர, இலைச்சாறு காற்றோடு சேர்ந்து நிறமும் மணமும் மாறுவதுதான் அது. குறைந்த நேரம் விட்டால் பச்சை வாடை போகாது. அதிக நேரம் விட்டால் சுவை செத்துவிடும். சரியான வேளையில் உலர்த்தும் இயந்திரத்துக்குள் செலுத்தி அம்மாற்றத்தை நிறுத்த வேண்டும். அப்பா அந்த ஆலையில் வேலை செய்தவர். வாசனை மாறினால் அங்கு நிற்கும் எவரும் குரல் கொடுக்கலாம், கூட்டிப் பெருக்குபவர் சொன்னாலும் மேற்பார்வையாளர் வந்து முகர்ந்து பார்ப்பார் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தாமதித்தால் அன்றைய கொழுந்து முழுவதும் வீணாகும் என்பதால் அங்குப் பதவி பார்க்க நேரமில்லை.

பாதுகாப்புக் குழுவை நடத்துபவர் பெரட்டுக் களத்தின் ஒழுங்கை வைத்துக்கொள்ளலாம். பேசும் முறையை மட்டும் ஆலையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

குழுவை நடத்தும் முறை

இனி நடைமுறைக்கு வருவோம். எங்கள் குழுவில் நாங்கள் பின்பற்றும் சில விதிகளை இங்குத் தருகிறேன். இவற்றில் எதற்கும் பெரிய செலவு கிடையாது.

முதலாவது, 15 நிமிட விதி. கண்ட ஒன்றுக்கு 15 நிமிடத்துக்குள் காரணம் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அடுத்தவரிடம் சொல்லியாக வேண்டும். உறுதிப்படுத்திக்கொண்டு சொல்வோம் என்று காத்திருக்கக் கூடாது. உறுதிப்படுத்துவது குழுவின் வேலை. ஐயப்படுவது மட்டும்தான் கண்டவரின் வேலை.

இரண்டாவது, ஐந்து வரி அறிக்கை. என்ன கண்டேன்? எப்போது? எந்தக் கணினியில், எந்தக் கணக்கில்? இதுவரை என்ன செய்தேன்? எனக்கு என்ன உதவி தேவை? இவ்வளவுதான். அடைமொழிகள் வேண்டாம், ஊகங்கள் இருந்தால் ஊகம் என்றே எழுத வேண்டும். எங்கள் குழுவில் மலாய், சீன, தமிழ் நண்பர்கள் இருக்கிறார்கள். யாருடைய ஆங்கிலம் எப்படி இருந்தாலும் ஐந்து வரிக்கு அது போதும்.

மூன்றாவது, ஆராய்பவரையும் பதில் சொல்பவரையும் பிரித்து வைத்தல். தாக்குதல் நடக்கும் வேளையில் மேலிடத்துக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பு தலைவருடையது. ஆராயும் ஊழியரை யாரும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது. சிங்கப்பூர் நிகழ்வில் நாம் கண்ட அந்த அச்சத்துக்கு இதுவே மருந்து.

நான்காவது, வீண் எச்சரிக்கைக்கும் நன்றி சொல்லுதல். பேராக்கிலிருந்து வந்த தங்கை ஒருத்தி எங்கள் குழுவில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் மூன்று முறை இரவில் என்னை எழுப்பிவிட்டாள். மூன்றும் ஒன்றுமில்லாமல் போயின. மூன்று முறையும் "சொன்னது நல்லது" என்றே விடை தந்தேன். நான்காவது முறை அதிகாலை மூன்று மணிக்கு அழைத்து, "அக்கா, இதுவும் ஒன்றுமில்லாமல் போகலாம்" என்று தொடங்கினாள். கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவரின் மின்னஞ்சல் கணக்கில் யாரோ வெளிநாட்டிலிருந்து நுழைந்திருந்தார்கள். வரும் கடிதங்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் விதி ஒன்று புதிதாக எழுதப்பட்டிருந்தது. பொருள் விநியோகிப்பவர்களின் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டதாகப் பொய்க் கடிதம் அனுப்புவதற்கான ஆயத்தம் அது. கணக்கை முடக்கினோம். ஒரு காசும் போகவில்லை. முதல் மூன்று முறைகளில் ஒரு முறை நான் சலித்துக்கொண்டிருந்தால், நான்காவது அழைப்பு வந்திருக்குமா?

ஐந்தாவது, பழி சொல்லாத மீள்பார்வை. ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் ஒன்றுகூடி, "யார் செய்தது?" என்று கேட்காமல் "எது அதற்கு இடம் கொடுத்தது?" என்று கேட்கிறோம். போலி மின்னஞ்சலைத் திறந்த ஊழியரை எல்லார் முன்னிலையிலும் திட்டினால், அடுத்த முறை திறப்பவர் மறைத்துவிடுவார். வேண்டுமென்றே விதியை மீறுவது வேறு. அதற்கு ஒழுங்கு நடவடிக்கை உண்டு. இரண்டையும் குழப்பக் கூடாது.

ஆறாவது, பணி மாற்றக் குறிப்பேடு. இரவுப் பணியாளர் காலைப் பணியாளரிடம் ஒப்படைக்கும்போது, முடிந்த வேலையைவிட முடியாத வேலையைத்தான் முதலில் எழுத வேண்டும்.

ஏழாவது, ஓய்வு. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான எச்சரிக்கைகள் வரும் திரையை 12 மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பவரின் கண் எதையும் காணாது. தொடர்ந்து இரவுப் பணி கொடுத்து இளைஞர்களைச் சக்கையாகப் பிழியும் இடங்களும் உண்டு. திறமையானவர்கள் அங்கிருந்து ஓராண்டில் போய்விடுகிறார்கள். பயனற்ற எச்சரிக்கைகளை வாரந்தோறும் களைவது தலைவரின் கடமை. கொழுந்து பறிப்பவர் இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளுவதற்குச் செடியை முறையாகக் கவாத்து செய்திருக்க வேண்டும் அல்லவா?

இவற்றோடு பகட்டில்லாத அன்றாட வேலைகளும் உண்டு. 2017 மே 12-இல் உலகையே உலுக்கிய 'வான்னாகிரை' தாக்குதலை நினைவுகொள்ளுங்கள். அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாத அவகாசம்! இங்கிலாந்தின் மருத்துவமனைகள் உட்படப் பல இடங்களில் அது நிறுவப்படாமல் இருந்தது. எந்தெந்தக் கணினியில் திருத்தம் நிறுவப்படவில்லை என்ற பட்டியலை வைத்திருந்து, அதைச் சலிக்காமல் மேலிடத்தில் சொல்லிக்கொண்டிருப்பதும் 'கண்டதைச் சொல்லுதல்'தான்.

தாய்மொழியில் சொல்லுதல்

பட்டதாரிகளுக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. நாம் அலுவலகத்தில் நிறுவனங்களைக் காக்கிறோம். நம் பெற்றோரை யார் காப்பது?

பிரிஞ்சாங் இன்று சிறிய ஊர் அன்று. சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தைப் பார்க்கவும் ஸ்ட்ராபெரி பறிக்கவும் மக்கள் குவிகிறார்கள். தங்கும் விடுதிகள் முன்பதிவை இணையத்தில் பெறுகின்றன. காய்கறித் தோட்டக்காரர்கள் கைத்தொலைபேசியில் பணம் பெறுகிறார்கள். லயத்தில் இருக்கும் பாட்டியிடமும் கைத்தொலைபேசி இருக்கிறது. 2023-இல் நாடெங்கும் திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு பரவியது. திறந்து நிறுவினால் அது கைத்தொலைபேசிக்குள் புகுந்து, வங்கி அனுப்பும் இரகசிய எண்களைத் திருடிவிடும். அழைப்பிதழை மறுப்பது நம் பண்பாட்டில் மரியாதைக் குறைவு. கள்வன் அந்தப் பண்பையே தூண்டிலாக்கினான்.

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது கோயில் மண்டபத்தில் ஏறக்குறைய 40 பேரிடம் இதைப் பற்றித் தமிழில் பேசினேன். 'மால்வேர்', 'பிஷிங்' என்ற சொற்களை எல்லாம் ஒதுக்கிவிட்டேன். "கல்யாணப் பத்திரிகை படமாக வரும். எதையாவது நிறுவச் சொன்னால் அது பத்திரிகை இல்லை" என்றேன். பேச்சு முடிந்ததும் மூதாட்டி ஒருவர் என்னிடம் வந்தார். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவனிடம் சேமிப்பை இழந்திருந்தார். இரண்டு வாரமாகத் தம் மகனிடம்கூடச் சொல்லவில்லை. "ஏசுவானே" என்றார்.

தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்ற எண் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. ஏமாந்தவர் உடனே அழைத்தால், பணம் கைமாறிப் போவதற்குள் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. இரண்டு வாரம் கழித்து அழைத்தால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. கள்வன் அவர் பணத்தை எடுத்தான். அவருடைய வெட்கம் அவனுக்கு இரண்டு வார அவகாசமும் கொடுத்துவிட்டது. அலுவலகத்தில் நடப்பதும் வீட்டில் நடப்பதும் ஒன்றே. ஏசுவார்கள் என்று அஞ்சும் இடத்தில் கண்டவர் சொல்வதில்லை.

ஆகவே, வீட்டுக்குப் போகும்போது முதலில் பெற்றோரிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: "ஏமாந்தாலும் பரவாயில்லை, நான் ஏசமாட்டேன், அந்த நிமிடமே எனக்குச் சொல்லுங்கள்." கடவுச்சொல்லைப் பற்றிய அறிவுரை எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

நிறைவாக

இத்துறையில் கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். நான் கற்ற கருவிகளில் பாதி இன்று புழக்கத்தில் இல்லை. செயற்கை நுண்ணறிவு இன்று எச்சரிக்கைகளைத் தரம் பிரிக்க உதவுகிறது. பிழையே இல்லாத போலிக் கடிதம் எழுதக் கள்வனுக்கும் அதுவே உதவுகிறது. 2016-இல் 20 மில்லியன் டாலரைக் காப்பாற்றிய எழுத்துப்பிழைகளை இனி நம்பியிருக்க முடியாது. ஆதலால் "ஏதோ சரியில்லை" என்று தோன்றும் மனிதரின் மதிப்பு கூடிக்கொண்டே போகிறது. அவர் வாய் திறந்தால்தான் அம்மதிப்புக்குப் பயன்.

இறுதியாண்டு மாணவர்களே, தொழிற்பயிற்சிக்குச் செல்லும் முதல் வாரத்திலேயே ஐந்து வரி அறிக்கை எழுதிப் பழகுங்கள். மொழிக் கழகக் கூட்டங்களில் எழுந்து நின்று பேசுங்கள். பட்டிமன்றமும் கருத்தரங்கமும் வீண் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். பலர் முன் தெளிவாகப் பேசக் கற்றதை இத்துறையில் ஒவ்வொரு நாளும் பயன்படுத்துகிறேன்.

வேலைக்கான நேர்முகத் தேர்வின் முடிவில், "உங்களுக்குக் கேள்வி ஏதும் உண்டா?" என்று கேட்பார்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் இல்லை என்று தலையசைத்துவிட்டு வந்துவிடுவார்கள். இனி இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். "இரவுப் பணியில் எனக்கு ஐயம் எழுந்தால் யாரை அழைக்க வேண்டும்? கடைசியாக வீண் எச்சரிக்கை கொடுத்தவருக்கு என்ன நடந்தது?" தயங்காமல் விடை சொல்லும் நிறுவனத்தில் சேருங்கள். நாளை நீங்கள் அந்த நாற்காலியில் அமர்ந்து தேர்வு நடத்தும்போது, அதே கேள்விகளுக்கு விடை சொல்லத் தயாராக இருங்கள்.